பத்து நாள் அன்ரி

சந்திரவதனாவுக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. பத்து நாள் அன்ரி. அதை முதன்முதலில் யார் வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் காதில் விழும்போது அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்ப்பதே அந்த ஆளுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்து, தன் பாட்டில் வடையைத் தின்றுகொண்டிருப்பார்.

அவருடைய வேலை விழுந்தவர்களை விசாரிப்பது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குள் பதினொரு சின்ன நகரங்கள் இருந்தன. நடைபாதையில் ஒருவர் தடக்கி விழுந்தால் நகரசபையின்மேல் வழக்கு. வீதிக் குழியில் கார் இறங்கினால் வழக்கு. பூங்கா ஊஞ்சல் அறுந்தால் வழக்கு. அந்த நகரங்கள் தனித்தனியே போய்க் கேட்டபோது, காப்புறுதிக் கொம்பனிகள் கட்டுப்படியாகாத விலை சொல்லின. அதனால் பதினொன்றும் சேர்ந்து, ஆண்டுதோறும் ஆளுக்கொரு பங்கைப் பொதுவில் போட்டு, யாருக்கு வழக்கு வந்தாலும் அதிலிருந்து கொடுப்பது என்று ஒரு கூட்டை அமைத்துக்கொண்டன. ஒரு நகரத்துக்கு வருகிற கெட்ட காலத்தைப் பதினொன்றும் சேர்ந்து தாங்கும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சந்திரவதனாவும் அப்படித்தான் நினைத்தார். பிறகு அந்த நகரங்களைப் போய்ப் பார்த்தார்.

பங்கு போட்டவர்களில் பாதிப்பேர் தங்கள் நடைபாதையைத் திருத்துவதை விட்டுவிட்டார்கள். விழுந்தால் கூட்டு கொடுக்கும்தானே. மற்றப் பாதி, அவர்கள் திருத்தாதபோது நாங்கள் மட்டும் ஏன் திருத்த வேண்டும் என்று இருந்துவிட்டது. நகரபிதாக்கள் புதுப் பூங்காவுக்கு றிபன் வெட்டினார்கள். உடைந்த சிமெந்துக்கு யாரும் றிபன் கட்டுவதில்லை.

நகரங்களை அவர் மதிக்கவில்லை என்றால், விழுந்தவர்களை அதைவிட மதிக்கவில்லை. அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. எண்பத்தெட்டில், இருபத்தைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் ஆறு பேரோடு ஒரு அறை வீட்டில் இருந்தவர். ஹொட்டேலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. குளிர்காலத்தில் சப்வேக்குப் போகும் வழியில் எத்தனையோ தரம் பனியில் சறுக்கி விழுந்தார். எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, வேலைக்குப் போனார். யாரிடமும் காசு கேட்கவில்லை. பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்து, ஒரு காப்புறுதி முகவரின் கந்தோரில் கோப்பு அடுக்கி, சோதனை எழுதி, நாற்பத்தொரு வயதில் கூட்டில் இழப்பு விசாரணை அலுவலராகச் சேர்ந்தார். தான் எழும்பி நடந்த இடத்தில் மற்றவர்கள் படுத்திருந்து படம் எடுப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

அவருடைய புருசன் இராசரத்தினம், கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இதற்கு நேர்மாறு. கோயிலில் யாராவது கையைப் பிடித்தால் போதும், அவவிட்டைச் சொல்லிப் பார்க்கிறன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெக்ஸ்போர்டில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வருவார். வந்து, சாப்பாட்டு மேசையில் எக்ஸ்றே படத்தை மெல்ல வைப்பார். சந்திரவதனா அதன்மேல் சோற்றுச் சட்டியை வைப்பார். அத்தோடு அந்தச் சிபாரிசு முடிந்துவிடும்.

வீடு விற்றுக் கொடுக்கும் குலசிங்கத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். டன்பிறிட்ஜ் என்ற நகரத்தில் ஒரு வீட்டைக் காட்டப் போனபோது நடைபாதையில் விழுந்துவிட்டாராம். முன்பல் உடைந்ததாம், வலது தோள் பிசகிக் கை காதுக்கு மேலே எழும்பாதாம், இனி வாழ்நாள் முழுக்க வேலை செய்ய ஏலாதாம். ஆறு வைத்தியக் கடிதங்கள் அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் மார்க்கம் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், மச்சானின் நாலு வயதுப் பிள்ளையை அதே வலது தோளில் ஏற்றிக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தி அவர் ஆடுவதைச் சந்திரவதனா கண்டார். கதிரையை விட்டு எழும்பாமலே போனில் படம் பிடித்தார். குலசிங்கம் வியர்த்துப்போய் மேசைக்கு ஓடி வந்தார்.

"தங்கச்சி, உதெல்லாம் எங்கட ஆக்களுக்குள்ள பாக்கிறேல்லை."

"முதல்ல பிள்ளையை இறக்கிப்போட்டுக் கதையுங்கோ அண்ணை," என்றார் சந்திரவதனா.

அந்தக் கதையை அவர் பிறகு பல கல்யாண வீடுகளில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். விழுந்தவன் என்றாலே கள்ளன் என்று ஆகிவிட்டது.

படம் கிடைக்காத கோப்புகளுக்குச் சட்டம் இருந்தது. நடைபாதையில் விழுந்தால் பத்து நாளுக்குள் நகரசபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஊரில் பாதிப்பேருக்கு இது தெரியாது. எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, நோ மருந்தில் மயங்கி, ஒருவழியாகக் கடிதம் எழுத நினைக்கும்போது பத்து நாள் போயிருக்கும். உடனே சந்திரவதனாவின் கடிதம் போகும். நான்கு வரி, நல்ல ஆங்கிலம். நியாயமான காரணம் இருந்து, தாமதத்தால் நகரசபைக்கு நட்டம் இல்லை என்றால் பத்து நாளைப் பார்க்கத் தேவையில்லை என்று அதே சட்டத்தில் அடுத்த வரி இருக்கிறது. அந்த வரியை அவர் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. தெரியாதது உங்கள் பிழை என்பதுதான் அவருடைய எண்ணம்.

போன செப்ரெம்பரில் துர்க்கா என்ற பெண்ணின் கோப்பு வந்தது. முப்பத்து மூன்று வயது, அஜக்ஸில் இருக்கிறாள், முதியவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டிப் பராமரிக்கும் வேலை. டன்பிறிட்ஜில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது விழுந்து, கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். அறிவித்தது பத்தொன்பதாம் நாள்.

வழக்கமான நான்கு வரியை எழுதத் தொடங்கிய சந்திரவதனா, கூட வந்த படத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார். விழுந்த இடத்தில் கிடந்தபடியே எடுத்த படம். தன் வேலை அடையாள அட்டையைக் கழற்றி, மேலே கிளம்பி நின்ற சிமெந்துப் பலகையின் விளிம்போடு நிமிர்த்தி வைத்து எடுத்திருந்தாள். விளிம்பு அட்டையின் பாதி உயரத்துக்கு வந்தது. அப்படியென்றால் இரண்டரைச் சென்ரிமீற்றருக்குக் குறையாது. இரண்டைத் தாண்டினாலே திருத்த வேண்டும் என்பது விதி. இருபது வருசத்தில், முறிந்த காலோடு அளவெடுத்த ஒரு ஆளையும் சந்திரவதனா கண்டதில்லை. கடிதம் ஒரே அரைப் பக்கம். அழுகை இல்லை, வாழ்நாள் இல்லை, கடவுள் இல்லை.

டன்பிறிட்ஜின் வீதிப் பகுதி மேற்பார்வையாளர் மரியோ கையெழுத்திட்டுப் பதில் அனுப்பியிருந்தான். ஜூன் மாதம் பரிசோதித்தோம், குறை எதுவும் இல்லை, பத்து நாளும் கடந்துவிட்டது. சந்திரவதனா அளவெடுக்கும் உருக்கு அடிமட்டத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தார்.

அந்த இடத்தில் விளிம்பு இல்லை. யாரோ இயந்திரம் வைத்து அரைத்து, மேலும் கீழும் ஒரே மட்டமாக்கியிருந்தார்கள். புல்லின் அடியில் வெள்ளைத் தூள் இன்னும் கிடந்தது. வழக்கமான பராமரிப்பு என்றான் மரியோ. படத்தில் விளிம்பின் கீழே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு தெரிகிறதே என்று கேட்டார். பெயின்றா, அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்றான். திருத்த வேண்டிய இடத்தில்தான் நகரசபை ஆட்கள் செம்மஞ்சள் பெயின்ற் அடிப்பார்கள். பெயின்ற் இருந்தால், குறை இருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும். சந்திரவதனா குந்தி இருந்து, இரண்டு பலகைகளுக்கும் நடுவில் அடிமட்டத்தின் முனையை விட்டுக் கிண்டினார். அரைத்த இயந்திரம் போகாத ஆழத்திலிருந்து செம்மஞ்சள் செதில் செதிலாக வந்தது. தெருவின் மற்றப் பக்கத்தில் இன்னும் நான்கு பலகைகளில் அதே நிறக் கோடு வெயிலில் மங்கிப்போய் இருந்தது. சின்னப் பிள்ளைகள் கீறியிருப்பார்கள் என்றான் மரியோ. கிளம்பி நிற்கும் பலகையாகப் பார்த்துக் கோடு கீறும் பிள்ளைகள்.

அவர் செதில்களைக் கடித உறையில் போடுவதைக் கண்டதும் அவன் சிரித்தான். நீயும் நானும் ஒரே பக்கம்தானே என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினான். அந்தக் கண்சிமிட்டல் சந்திரவதனாவுக்கு அருவருத்தது. பல்லுக் குத்திக்கொண்டு வேலை செய்யும் இந்த ஆள், இருபது வருசமாக அவரைத் தன் கூட்டாளி என்று நினைத்திருக்கிறான். அதில் பிழை பிடிக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் அஜக்ஸுக்குப் போனார். துர்க்கா கதவைத் திறந்துவிட்டு, காலில் முறிவுக்குப் போடும் பெரிய பிளாஸ்ரிக் சப்பாத்தோடு திரும்பி நடந்து போய்ச் சோபாவில் இருந்தாள். இருக்கச் சொல்லவில்லை.

"நீங்கள்தானே பத்து நாள் அன்ரி?"

"ஓம்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்? லெற்றரை மெயில் பண்ணியிருக்கலாம்."

ஏன் பத்தொன்பது நாள் எடுத்தது என்று சந்திரவதனா கேட்டார். நியாயமான காரணம் இருந்தால் அதைக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது.

"ஏழு நாள் ஹொஸ்பிற்றலில. பிறகு அம்மா விடேல்லை. உதுக்கெல்லாம் கேஸ் போட்டா ஆக்கள் கள்ளர் எண்டு சிரிப்பினமாம். உங்கட வெடிங் ஸ்ரோரியளைக் கேட்டிட்டுத்தான் அப்பிடிச் சொன்னவ." அவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு உங்களைப் பிடிக்கேல்லை அன்ரி. சொறி. பட் அந்த எட்ஜை நான் ஃபேக் பண்ணேல்லை."

"அது தெரியும்," என்றார் சந்திரவதனா. கதிரையொன்றை இழுத்துத் தானே இருந்தார். "படத்தில ஒறேஞ்சா ஒரு கோடு இருக்கு. அதை முந்தியும் கண்டனீரோ?"

"எல்லா சிற்றியிலயும் இருக்கே. அடிச்சுப்போட்டுப் போயிடுவாங்கள், பிறகு வரமாட்டாங்கள். நான் நடந்து வேலைக்குப் போறனான். நீங்கள் காரில போறனீங்கள், உங்களுக்குத் தெரியாது."

மன்னிப்பு ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது. சந்திரவதனாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு எழும்பினார்.

அறிக்கை ஆறு பக்கம் வந்தது. அதை வாசித்துவிட்டு, கூட்டின் இழப்பீட்டுப் பகுதித் தலைவன் ஜனார்த்தன் தன் அறைக்குக் கூப்பிட்டான். இங்கே பிறந்தவன், முப்பத்தாறு வயது. நல்ல சப்பாத்துப் போடுவான். தாயின் வயதுள்ளவரைச் சந்திரா என்றுதான் கூப்பிடுவான். பெயின்ற் பற்றிய பந்தியும், அரைத்தது பற்றிய பந்தியும் தேவையில்லை என்றான். டன்பிறிட்ஜ் பெரிய பங்கு கட்டும் நகரம். முகத்தைச் சுழித்துக்கொண்டு வெளியே போய்விட்டால் மற்றப் பத்துப் பேரின் பங்கும் ஏறும்.

"ஜஸ்ற் ரூ பரகிராஃப்ஸ், சந்திரா. பத்து நாள் ரூலே போதும். அதுதானே உங்கட ஸ்பெஷாலிற்றி."

"நான் எழுதினதை நான் வெட்டமாட்டன். நீர் வெட்டும். வெட்டிப்போட்டு அடியில உம்மட பேரைப் போடும்."

அவன் வெட்டவில்லை. பெயர் போட வேண்டிய இடம் என்றால் அந்த நல்ல சப்பாத்துகள் பின்னுக்குத்தான் போகும் என்று சந்திரவதனாவுக்குத் தெரியும். துர்க்காவுக்கு நட்டஈடு கொடுக்கத் தீர்மானமானது. காசு கிடைத்ததும் அவள் "ரிசீவ்ட்" என்று ஒரு சொல் அனுப்பினாள். நன்றி சொல்லவில்லை. சந்திரவதனாவுக்கு அவளை இன்னும் பிடித்துப்போனது.

ஆனால் அவள் சொன்ன ஒரு வசனம் மனதை விட்டுப் போகவில்லை. எல்லா சிற்றியிலயும் இருக்கே. ஒரு சனிக்கிழமை கந்தோருக்குப் போய், பத்து நாளைக் காட்டித் தான் தள்ளிய கோப்புகளை எடுத்தார். வழக்குப் போடக் காலம் இன்னும் மீதமிருந்த கோப்புகள், கடைசி இரண்டு வருசத்துக்குள், நாற்பத்தொன்று. படங்களைக் கணினியில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். ஒன்பதில் செம்மஞ்சள் இருந்தது. அதில் ஐந்து படங்கள் அவரே போய் எடுத்தவை. தன்னுடைய அடிமட்டம் கிடக்க, அதற்குப் பக்கத்திலேயே, விரல் தொடும் தூரத்தில் கோடு. படம் எடுத்த அன்றைக்கு அது கண்ணில் படவில்லை. விழுந்தவன் பொய்யன் என்ற முடிவோடு குந்தினால் அடிமட்டத்தைத் தவிர வேறு என்ன தெரியும். மரியோ அரைத்தாவது மறைத்தான், தனக்கு அந்தப் பாடும் இருக்கவில்லை என்று நினைத்தபோது, ஊரில் உள்ள அத்தனை பேரின்மேலும் இருந்த இளக்காரம் முதல் தரம் தன்மேல் வந்து இறங்கியது.

ஒன்பது பேருக்கும் எழுதினார். சட்டத்தில் அடுத்த வரி ஒன்று இருக்கிறது, உங்கள் தாமதத்துக்குக் காரணம் இருந்தால் சொல்லுங்கள், கோப்பைத் திறக்கிறேன். ஜனார்த்தன் அறிந்தபோது கடிதங்கள் தபாலில் போய்விட்டன. கத்தினான். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிற ஒருத்தியை இப்போது வேலையிலிருந்து நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறவனுக்கு அந்தக் கடிதங்களைக் காட்ட வேண்டிவரும் என்று நினைத்தானோ என்னவோ, கத்தியதோடு விட்டுவிட்டான்.

ஒன்பதில் ஒன்று குலசிங்கத்தினது, அவரும் பத்து நாள் கடந்துதான் அறிவித்திருந்தார். அவருடைய கடிதத்தை எழுதத்தான் சந்திரவதனாவுக்குக் கை கூசியது. தோள் பொய், அது படத்தோடு செத்துப்போன கதை. ஆனால் முன்பல் உண்மையாக உடைந்திருந்தது, அவர் விழுந்த பலகையிலும் கோடு இருந்தது. பல்லுக்கு மட்டும் கொடுத்தார்கள். மனிசன் புதுப் பல்லைக் காட்டிக்கொண்டு கோயிலுக்குக் கோயில் போய், பத்து நாள் அன்ரியைத் தான் மடக்கிய கதையைச் சொன்னார். இராசரத்தினம் அதைக் கேட்டு வந்து கவலையோடு சொன்னபோது, பொய்யனுக்கும் கால் தடக்கும் என்று சொல்லிவிட்டுச் சந்திரவதனா கோப்பையைக் கழுவினார்.

வைகாசியில் கூட்டின் ஆண்டுக் கூட்டம் வந்தது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹொட்டேலில். பதினொரு நகரங்களின் பிரதிநிதிகள், கழுத்தில் அட்டையோடு. ஒரு நகரத்தின் பொருளாளர் மட்டும் சந்திரவதனாவின் ஆறு பக்க அறிக்கையை முழுதாக வாசித்திருந்தார். டன்பிறிட்ஜ் குறையைத் தெரிந்தே விட்டு, பிறகு மறைத்திருக்கிறது, அதனால் அவர்களுடைய பங்கைக் கூட்ட வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். சந்திரவதனா எழும்பி ஒன்பது கோப்புகளையும் இடம், திகதி, அளவு என்று வாசித்தார். டன்பிறிட்ஜில் மூன்று. மற்ற ஆறு, ஆறு வெவ்வேறு நகரங்களில். பெயர் வர வர அந்தந்த மேசையில் கதை நின்றது.

பிறகு டன்பிறிட்ஜின் நகரபிதா பேசினார், வெள்ளிநரைக் கூந்தலோடு ஒரு பெண். கூட்டு என்றால் என்ன என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். கெட்ட காலத்தில் ஒருவரையொருவர் தாங்குவதற்குத்தானே சேர்ந்தோம், விரல் நீட்டுவதற்கா சேர்ந்தோம் என்றார். பெயர் வாசிக்கப்பட்ட ஆறு நகரங்களும் பலமாகத் தலையாட்டின. வாசிக்கப்படாதவர்களும் தங்கள் நடைபாதைகளை நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். பிரேரணைக்கு ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்பது. குற்றம் சாட்டப்பட்ட டன்பிறிட்ஜும் கை உயர்த்தி வாக்களித்தது. அடுத்ததாக, நடைபாதையில் பெயின்ற் அடிப்பது நகரத்தின் அழகைக் கெடுக்கிறது, இனி அடிக்கத் தேவையில்லை, கணினியில் பதிந்தால் போதும் என்று ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கணினியில் பதிந்தால் அதைக் கேட்டு வாங்கலாம், கேட்பதற்கு ஓய்வுக்கு முன் இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று சந்திரவதனா ஒரு துண்டில் குறித்துக்கொண்டார்.

ஒற்றுமைக்காக என்று யாரோ சொல்ல, மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. பொருளாளரும் எழும்பினார். சந்திரவதனா எழும்பவில்லை. முன்னால் இருந்த காய்ந்த கோழித் துண்டை வெட்டிக்கொண்டிருந்தார். ஜனார்த்தன் கைதட்டியபடியே குனிந்தான். பக்கத்து மேசைகள் பார்ப்பது அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"அன்ரி, ஆர் யூ ஓகே? எழும்ப ஏலாமல் இருக்கோ?"

"ஏலும்," என்றார் சந்திரவதனா. கைதட்டல் ஓயும்வரை அப்படியே இருந்தார்.